ஸ்டீல் கரண்டி மாலை

லாம்பெர்ட் கெட்டவனா என்று ஐந்தாவது மாடியில் யாரைக் கேட்டாலும், "சே சே, கெட்டவனெல்லாம் இல்ல. வாய்தான் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். அந்த இழுப்பிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

சோமெரன் என்ற டச்சுக் கிராமத்துக்குப் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரனுக்கு நாலாவது பிள்ளை. மூத்தவனுக்குப் பண்ணை போய்விட்டது. இவன் தொழிற்பள்ளியில் ஒப்பேற்றிவிட்டு ஐந்தோவன் நகரத்துக்குச் சைக்கிளை மிதித்து, ஒரு ரசாயன ஆய்வுக்கூடத்தில் உதவியாளாய்ச் சேர்ந்தான். சேர்ந்தபோது தலை நிறைய முடி. இந்தக் கதை நடக்கும்போது முடி போய்த் தொப்பை வந்திருந்தது. முதலில் இருந்த பேராசிரியர் போய், அடுத்தவர் போய், மூன்றாமவராக ரைனௌட் வந்திருந்தார். பேராசிரியர்கள் மாறினார்கள், மாணவர்கள் மாறினார்கள், லாம்பெர்ட்டின் மேசை மட்டும் ஜன்னலோரத்தில் அதே இடத்தில் கிடந்தது. அந்த மாடியில் எவனுக்கு என்ன தெரியும், எவன் கை எப்படி என்று தீர்ப்புச் சொல்கிற நாற்காலி அதுதான்.

ரைனௌட் காலத்தில் அங்கே நடந்த வேலையைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு ஜாதி இழை. ஒன்று தண்ணீரோடு குலாவும். இன்னொன்று தெர்மாகோல் ஜாதி, தண்ணீரைக் கண்டால் சுருண்டுகொள்ளும். ஒன்றுக்கொன்று ஆகாத இந்த இரண்டையும் நுனியோடு நுனி சேர்த்து ஒரே இழையாக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு கொடுக்கு வைத்திருப்பார்கள், நண்டுக் கொடுக்கு மாதிரி. இரண்டு கொடுக்கும் நடுவில் ஒரே உலோக அணுவை ஆளுக்கொரு பக்கம் கவ்வினால் முடிச்சு விழுந்துவிடும். உலோகம் ருத்தீனியம். அது ஒருமுறை முடிச்சுப் போட்டால் போட்டதுதான், அவிழ்க்கிற வேலையே கிடையாது. சரக்கு நன்றாக வந்தால் செங்கல்பொடிக்கு ஆரஞ்சு கலந்த நிறத்தில் இருக்கும்.

கொடுக்குக்குக் கண் கிடையாது. ருத்தீனியம் வரட்டும் என்று காத்திருக்காது. அதற்கு முன் துளி இரும்பு எங்கிருந்தாவது வந்தால் போதும், அதைக் கவ்விக்கொண்டு கத்திரிப்பூ ஊதாவாகிவிடும். எனவே அந்தக் கூடத்தில் ஸ்டீல் சாமானுக்குத் தடை. கரண்டி பிளாஸ்டிக், கிளறுகிற குச்சி கண்ணாடி. மறந்துபோய் எவனாவது ஸ்டீல் கரண்டியை விட்டு அள்ளினால் அவனுக்கு ஒரு தண்டனை உண்டு. அது லாம்பெர்ட் கண்டுபிடித்தது.

அவனுடைய பழைய ஸ்டீல் கரண்டி ஒன்று. கைப்பிடியில் தன் பெயரின் முதல் இரண்டெழுத்தை ஊசியால் கீறி வைத்திருந்தான். அதை மளிகைக்கடைச் சணலில் கட்டி, குற்றவாளி கழுத்தில் காபி வேளையில் எல்லார் முன்னாலும் மாட்டுவான். அடுத்த குற்றவாளி அகப்படும்வரை அதைக் கழற்றக் கூடாது. போதாததற்கு மாடி முழுவதுக்கும் கேக் வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இன்னொருவன் மாட்டிக்கொள்வான், மாலை மாறும், கேக்கும் கிடைக்கும். சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டியூக்கே வரும்வரை.

டியூக்கே வடக்கே ஃப்ரீஸ்லாந்துப் பெண். கதவு நிலை உயரம், காய்ந்த புல் நிறத்தில் முடி. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். தெற்கே இந்தப் பிரபான்ட் ஜனங்களுக்கு இது ஆகாது. அங்கே இரண்டு பேர் ஒரு லிஃப்டில் ஏறினால் இறங்குவதற்குள் குடும்பக்கதை முடிந்திருக்க வேண்டும்.

"ஏ வடக்கத்திக்காரி, உங்க ஊர்ல வாயத் தொறந்தா குளிர்ல நாக்கு ஒட்டிக்குமா?" என்று முதல் வாரமே காபி மேசையில் ஆரம்பித்தான் லாம்பெர்ட்.

"இல்ல. எங்க ஊர்ல சொல்ல ஏதாவது இருந்தாத் தொறப்பாங்க" என்றாள்.

மேசையே சிரித்தது. பக்கத்தில் இருந்த யுர்கன் — மூன்றாம் வருட மாணவன், எல்லா நக்கலுக்கும் ஜால்ரா — மேசையைத் தட்டி, "வாங்கிட்டியா லாம்பெர்ட், வாங்கிட்டியா!" என்றான். லாம்பெர்ட்டும் சிரித்தான். ஆனால் அந்தக் கோப்பைக் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே முதல் வருடக் கடைசியில் ஒரு பேச்சு உண்டு. பேராசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்து, இரு, அல்லது போ என்று சொல்வார். போ என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டியூக்கேக்கு அந்தப் பேச்சு ஏப்ரலில். அவள் இருப்பதும் போவதும் ஒரே ஒரு சரக்கில் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்ஜியத்தில் இருந்த ஒரு குழுவுக்கு இந்த ஜோடி இழை நிறையத் தேவைப்பட்டது. சிட்டிகைக் கணக்கில் அவள் நன்றாகவே செய்திருந்தாள். இப்போது கைப்பிடி அளவுக்குச் செய்துகாட்ட வேண்டும். "இது வந்துட்டா உனக்குக் கவலையே இல்ல" என்று ரைனௌட் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

தயார் செய்யவே குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. இழைகளை வளர்த்து, நுனியில் கொடுக்கு கோத்து, திரும்பத் திரும்பக் கழுவி, பனிவெள்ளையாய்க் காயவைத்தாள். திருவிழா வாரத்தில் ஊரே வேஷம் கட்டிக்கொண்டு பித்தளை வாத்தியத்தோடு தெருவில் ஆடியது. லாம்பெர்ட் குடியானவன் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துண்டுமாய் மூன்று நாள் பீரில் மிதந்தான். அவள் கூடத்தில் தனியாக நின்று வடிகட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவன் அதையும் விடவில்லை. "திருவிழாவுக்கு வராத ஆளு பொணத்துக்குச் சமம் எங்க ஊர்ல."

"பொணத்துக்கு வேல இருந்துச்சு" என்றாள்.

பெரிய குடுவையில் முடிச்சுப் போடுகிற நாள் வந்தபோது உதவிக்கு லாம்பெர்ட் நின்றான். அது அவன் வேலை. குடுவைக்குள் சுழன்று சுழன்று கலக்குவதற்கு ஒரு காந்தக்கட்டை போட வேண்டும். காந்தம் என்றால் உள்ளே இரும்புதான். ஆனால் மேலே, நம் வீட்டு ஒட்டாத தோசைக்கல்லில் இருக்குமே, அந்த டெஃப்லான் உறை இருக்கும். உறை இருக்கும்வரை பயமில்லை. அவள் புதிதாக ஒன்றை எடுத்து வந்தாள். லாம்பெர்ட் அதைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தான்.

"இந்தச் சுண்டைக்காய வெச்சா கலக்கப் போற? இந்தா." தன் மேசை இழுப்பறையிலிருந்து கட்டைவிரல் தடிமனில், பழுப்பேறிய ஒன்றை எடுத்தான். "இதுக்குப் பேரு தடியன். மொதல் பேராசிரியர் காலத்துலேர்ந்து என்கிட்ட இருக்கு. இதவிட நல்லாக் கலக்கறது இந்தக் கட்டடத்துல இன்னும் பொறக்கல."

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ரொம்பப் பழசா இருக்கே. உறை நல்லாருக்கா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இது வேல பாத்துட்டு இருந்துச்சு, பொண்ணே. போடு."

போட்டாள். முதலில் தெர்மாகோல் ஜாதி இழையைக் கரைத்து, கதகதப்பாக வைத்து, ராத்திரி முழுக்கச் சுழலவிட்டார்கள். காலையில் மற்ற இழையை, ருத்தீனியம் கவ்விய பாதியை, விட்டுச் சூடேற்றினார்கள். கரும்பழுப்பு, அப்புறம் ஒரு மாதிரி இருட்டு. ஆரஞ்சு வரும் வரும் என்று அவள் குடுவை இருந்த, புகை உறிஞ்சும் கூண்டின் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றாள். மதியம் ரொட்டியும் மோரும் அங்கேயே நின்றபடி. சாயங்காலம் ஒரு சொட்டை எடுத்து வெள்ளைத்தாளில் விட்டாள். விளிம்பில் ஊதா படர்ந்தது.

இன்னொரு சொட்டு. அதுவும் ஊதா.

இரும்பை மட்டுமென்றால் உருவிவிடலாம், அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் தெர்மாகோல் இழைகளை இரும்பு பிடித்து வைத்துக்கொண்டதில் ஜோடி கிடைக்காத ருத்தீனியம் தன் ஆளோடு தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க முடியாது. ஒரு குளிர்கால உழைப்பில் பெரும்பகுதி குடுவைக்குள் பிசினாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காபி வேளைக்கு லாம்பெர்ட் சணலோடு வந்தான்.

"நான் ஸ்டீல் தொடல" என்றாள் டியூக்கே. "பிளாஸ்டிக் கரண்டிதான். நீங்களும் கூட இருந்தீங்க."

"நான் கழுவறப்ப இருந்தேனா? காயவெக்கறப்ப இருந்தேனா? நாங்க எல்லாம் திருவிழாவுல இருந்தோம், தாயே. நீ என்னத்த விட்டுக் கிண்டுனியோ!"

"நான் தொடல."

"எல்லாரும் மொதல்ல இததான் சொல்லுவாங்க" என்றான் யுர்கன். "நான்கூடச் சொன்னேன். குனி குனி, நீ குனிஞ்சாத்தான் அவருக்கு எட்டும்!"

சிரிப்பு. அவள் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். லாம்பெர்ட் மாட்டிவிட்டுச் சணலை ஒரு இழு இழுத்துப் பார்த்தான், மாட்டுக்கு மணி கட்டினவன் மாதிரி. "கேக் வெள்ளிக்கிழமை. உங்க ஊர்ச் சர்க்கரை ரொட்டியா இருந்தாலும் பரவால்ல, தின்னு தொலைக்கிறோம்."

மாலை அதற்கப்புறம் மாறவில்லை. எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். யாருமே தப்புச் செய்யவில்லை, அல்லது செய்ததை ஒளித்தார்கள். நாலைந்து வாரம் அது அவள் கழுத்திலேயே கிடந்தது. நடக்கும்போது மேல்சட்டைப் பொத்தானில் டிங் டிங் என்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டாலே, "வடக்கத்தி ரயில் வருது" என்பான் யுர்கன். கழற்றி எறிந்திருக்கலாம். அவள் கழற்றவில்லை. பிடிவாதம் என்றார்கள் இவர்கள்.

ஏப்ரல் நெருங்கியபோது ரைனௌட், லாம்பெர்ட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நேராக் கேக்கறேன். அந்தப் பொண்ணு எப்படி?"

"புத்திசாலிதான்."

"அது எனக்கும் தெரியும். கை எப்படி?"

லாம்பெர்ட் தொப்பையைச் சொறிந்தான். காபி மேசையில் முதல் வாரம் வாங்கினது ஞாபகம் வந்ததோ என்னவோ. "கை சுத்தமில்ல. இந்த வேலைக்குச் சுத்தமில்லாத கை ஆகாது. அவ்ளோதான் சொல்வேன்."

"அது போதும்" என்றார் ரைனௌட். "வெள்ளிக்கிழமை அவகிட்ட சொல்லிடறேன். பெல்ஜியத்துக்காரங்க நச்சரிக்கறாங்க. அவ எடுத்துவெச்ச மிச்ச இழைய வெச்சு நீயே ஒரு தடவ செஞ்சு பாரு."

செய்தான். எல்லாம் எடுத்துவைத்து, கடைசியில் தடியனைக் குடுவையில் போடப் போனான். வெயில் ஜன்னல் வழியே நேராக விழுந்தது. கட்டையின் இடுப்பைச் சுற்றி முடி மாதிரி ஒரு கோடு. அழுக்கென்று நினைத்து நகத்தால் தேய்த்தான். நகம் அதில் இறங்கியது. இரண்டு விரலால் அழுத்தினான். கோடு வாய் திறந்தது. உள்ளே துருப்பிடித்திருந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் பின்னால் டிங் டிங் என்று சத்தம் கடந்து போனது. திரும்பவில்லை. அந்தப் பக்கம் குழாயடியில் அவள் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். 'ஏய், இங்க வா, இதப் பாரு' என்றால் முடிந்தது. கரண்டி அவன் கழுத்துக்கு வரும், அவ்வளவுதான். யுர்கன் ஒரு வருடத்துக்குச் சிரிப்பான். கேக் வாங்க வேண்டும்.

தடியனை இழுப்பறையில் பழைய துணிக்கடியில் தள்ளினான். புதிய கட்டை ஒன்றை எடுத்துப் போட்டான்.

இரண்டு நாளில் குடுவை ஆரஞ்சு. அப்படி ஒரு ஆரஞ்சு. வடிகட்டியபோது செங்கல்பொடி மாதிரி பொலபொலவென்று நின்றது. ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டு ரைனௌட் அறைக்குப் போனான். போகும்போது சொல்லிவிடத்தான் போனான். ரீட்டிடம், அவன் மனைவியிடம், பிற்பாடு அப்படித்தான் சொன்னான். அதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ரைனௌட் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகமெல்லாம் பல். "ஆஹா! அதே இழை, அதே கூண்டு, அதே மருந்து. ஆள் மட்டும் வேற. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளைக்கு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா முழிச்சுட்டு இருந்தேன். நீ என்னக் காப்பாத்திட்டடா."

லாம்பெர்ட் வாயைத் திறந்தான்.

"என்ன?"

"கட்டை..." என்றான். "கலக்கற கட்டை புதுசு ஒரு டஜன் வாங்கணும். பழசெல்லாம் போச்சு."

"வாங்கு, வாங்கு. இதெல்லாம் என்கிட்ட கேக்கணுமா?"

வெள்ளிக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் கையைப் பற்றி லாம்பெர்ட் சொன்னதையும் சொல்லி, போ என்றார் ரைனௌட். ஆரஞ்சுக் குப்பி மேசைமேல் இருந்ததாம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "லாம்பெர்ட் எந்தக் கட்டையப் போட்டாரு?" ரைனௌட்டுக்கு அது கேள்வியாகவே படவில்லை. கலக்குகிற கட்டையில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். அதைக் காபி மேசையில் சொல்லி, "பாவம், என்ன கேக்கறதுன்னே தெரியல அவளுக்கு" என்றார். யுர்கன் தலையாட்டினான். லாம்பெர்ட் கோப்பைக்குள் பார்த்தான்.

மாதக் கடைசியில் அவள் கிளம்பினாள். போகிறவர்தான் கேக் தர வேண்டும், அது அங்கே வழக்கம். ரோஜா நிறச் சர்க்கரை பூசிய ஃப்ரீஸ்லாந்துக் கேக்கைத் தானே சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆளாளுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தான்", "வேற நல்ல வேல கெடைக்கும்" என்றார்கள். பேச்சு யார் பேசுவது என்று வந்தபோது எல்லாரும் லாம்பெர்ட்டைத் தள்ளினார்கள்.

"நான் என்னத்தப் பேச?" என்று எழுந்தான். "வடக்கேர்ந்து ஒருத்தி வந்தா. வந்தப்ப ஒண்ணும் பேசல. போறப்பவும் ஒண்ணும் பேசல. ஆனா கேக் மட்டும் ரெண்டு தடவ குடுத்துட்டா. இந்த மாடியிலேயே லாபகரமான ஆளு இவதான்!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம். பிறகு கழுத்திலிருந்து சணலைக் கழற்றினாள். "இத யார்கிட்ட குடுக்கணும்? அடுத்த ஆளு கெடைக்கலயே."

"அந்தச் சுவத்து ஆணியில மாட்டு" என்றான் லாம்பெர்ட்.

அவள் ஆணிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து அவன் கையில் வைத்தாள். "உங்க பேரு போட்டிருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நல்ல பொண்ணு" என்று யாரோ சொன்னார்கள்.

லிஃப்டு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது லாம்பெர்ட்தான், யாரோ ஏவிவிட்டதால். லிஃப்டு வர நேரமானது. இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க இழுப்பறையத் தொறந்தேன்" என்றாள். "அதுக்கு மன்னிச்சிருங்க. தடியன எடுத்து, சின்னக் குப்பியில, இழையில கோக்காத வெறும் கொடுக்குப் பொடி கொஞ்சம் கரைச்சு அதுல போட்டேன். திங்கக்கிழமை. உங்க கூண்டுலதான் இருக்கு. முன்னாலயே வெச்சேன், ஒளிக்கல."

லாம்பெர்ட்டின் காது மடல் சூடேறியது. "ரைனௌட்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"அவரு கையப் பத்தி உங்களத்தான கேட்டாரு. என்னக் கேக்கலயே." லிஃப்டு வந்தது. பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு வெள்ளி. நாலு நாளா அங்கதான் நிக்குது. எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க வராங்க. ஒருத்தரும் இது என்ன ஊதான்னு கேக்கல. நீங்ககூடப் பாக்கல." கதவு மூடுவதற்கு முன், தெற்கத்திக்காரர்கள் விடைபெறும்போது சொல்கிற "ஹௌடூ" என்ற வார்த்தையைச் சொன்னாள். உச்சரிப்பு கொஞ்சம் தப்பாக இருந்தது.

கூடத்துக்குப் போய்ப் பார்த்தான். கூண்டின் முன்வரிசையிலேயே நின்றது. சுண்டுவிரல் உயரக் குப்பி, அடியில் தடியன், மேலே கத்திரிப்பூ நிறம், அடர்த்தியாய், கெட்டியாய். அதன் பக்கத்தில்தான் தினமும் அவன் கையுறையைக் கழற்றி வைப்பான்.

வராந்தாவில் பேச்சுக்குரல் கேட்டது. இரும்பை உருவுகிற மருந்துப் புட்டியை எடுத்தான். இடுக்கியால் தடியனைத் தூக்கிக் குப்பைத் திரவ டப்பாவில் போட்டான். குப்பிக்குள் மருந்தை விட்டுக் குலுக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஊதா வெளுத்தது, ரோஜா நிறமானது, கடைசியில் மங்கலான தண்ணீர். குழாயில் கழுவித் தாங்கியில் கவிழ்த்தான். திரும்பிப் போனபோது தட்டில் ஒரு துண்டு கேக் மிச்சமிருந்தது. எடுத்துத் தின்றான்.

அதற்கப்புறம் அவனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் ஏதாவது வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வரவில்லை. சரக்கு பெல்ஜியம் போனது, நல்ல பெயர் வந்தது. கட்டுரையில் நன்றி சொல்லுமிடத்தில் லாம்பெர்ட்டின் பெயர் இருந்தது. டியூக்கே பெயர் இல்லை. நீண்டகாலச் சேவைக்கு ராஜாவின் பெயரால் சட்டையில் குத்துகிற பதக்கம் கிடைத்தது. நகரத்தலைவர் கையைக் குலுக்கினார்.

ஓய்வு பெற்ற நாளில் மாடி முழுக்க விருந்து. பொரித்த உருண்டை, பீர், அப்புறம் வழக்கம்போல் நாடகம். போகிறவரின் வாழ்க்கையை நடித்துக் கிண்டல் செய்வார்கள். யுர்கன் இப்போது வேறு ஊரில் பெரிய வேலையில் இருந்தான், இதற்கென்றே வந்திருந்தான். வைக்கோல் நிறப் பொய்முடி வைத்து, நாற்காலிமேல் ஏறி உயரமாகி, கழுத்தில் அந்த ஸ்டீல் கரண்டியோடு வந்தான். "நான் தொடல! நான் தொடல!" என்று மூக்கால் அழுதான். அவளைப் பார்த்தே இராத புதுப் பிள்ளைகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரீட்டும் சிரித்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லாம்பெர்ட் மேல்தான் எல்லார் கண்ணும் இருந்தது. அவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், பதக்கம் குலுங்கும்படி.

பரிசு என்று கடைசியில் அந்தக் கரண்டியையே சணலோடு கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் அதை எங்கே மாட்டுவது என்று ரீட் கேட்டாள். பரணில் போடு என்றான் அவன். "நல்லாருக்கு! அத்தனை பேரு சேந்து குடுத்தத பரண்ல போடுவாங்களா?" என்று கழிப்பறைச் சுவரில், அந்த ஊர் வழக்கப்படி அங்கே தொங்குகிற பிறந்தநாள் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க வேண்டுமல்லவா.

ஆணி அடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த உசரமான பொண்ணு... அவ அப்புறம் என்ன ஆனா?"

"ஊருக்குப் போயிட்டா" என்றான் லாம்பெர்ட். ரொம்ப நாளைக்கு முன்னால் எல்லாவற்றையும் ரீட்டிடம் சொல்லியிருந்தான். கட்டை, கோடு, குப்பி, எல்லாம். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது என்றான்.